மேய்ச்சல் கோழிக்கு என்ன தீனி? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 15 நாட்டுக்கோழிகள் தோட்டத்தில் மேய்கின்றன. மாலையில் அரிசிக் குருணை மட்டும் போடுகிறோம். சித்திரை பிறந்ததிலிருந்து ஓடு கெட்டியாகாத தோல்முட்டையாக விழுகிறது. கால்சியம் டானிக் கொடுக்கலாமா?

பதில்: டானிக் அவசரத்துக்குத்தான். கால்சியம் நிறைந்த கிளிஞ்சல் (சிப்பி ஓடு) மலிவு, பலனும் அதிகம். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும். குருணையில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால் மாலையில் கொடுங்கள். மாவாக அரைத்தது சீக்கிரம் கழிந்துவிடும். மிளகளவு உடைத்தது அரைவைப்பையில் (தீனியை அரைக்கும் இரைப்பைப் பகுதி) தங்கி இரவெல்லாம் கரையும். தீனியோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவைப்படும் பெட்டை தானே பொறுக்கிக்கொள்ளும். முட்டை ஓட்டைப் போடுவதானால் வறுத்து, உருத்தெரியாமல் நொறுக்குங்கள். இல்லாவிட்டால் முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகிவிடும்.

வெயிலும் ஒரு காரணம். கோழி வாயைப் பிளந்து இரைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டும் குறைகிறது. நிழலும் குளிர்ந்த தண்ணீரும் இல்லாமல் கிளிஞ்சல் மட்டும் வைத்துப் பயனில்லை.

கோடையில் புழு பூச்சியும் கிடைக்காது. அதனால் குருணைக்குப் பதில் இப்படிக் கலந்து பாருங்கள். 10 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ, கம்பு 1 கிலோ, தவிடு 1.8 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 1.6 கிலோ, உப்பிடாத கருவாட்டுத் தூள் 400 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். புரதம் சுமார் 16 சதவீதம் வரும். கோழிக்கு 40 கிராம் வீதம், 15-க்கும் 600 கிராம், பொழுது சாயும்போது வையுங்கள். காலையில் வயிறு நிறைந்தால் மேயப் போகாது. உப்புக் கருவாடு வேண்டவே வேண்டாம், கோழிக்கு அது விஷம். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை வெயிலில் காயவைத்தாலும் அதிலுள்ள நஞ்சு போகாது. தூக்கி எறிவதுதான் லாபம்.

கேள்வி: அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணி) மட்டும் போட்டால் புரதத்துக்குப் போதுமா?

பதில்: போதாது. 20 சதவீதத்துக்கு மேல் புரதம் என்பது காய்ந்த அசோலாவின் கணக்கு. பச்சையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 100 கிராம் தின்றால் ஒன்றரை கிராம் அளவுதான் புரதம் சேரும். கீரையாக நினைத்துப் போடுங்கள், நல்லதுதான். புரதத்துக்குக் கரையான் மேல். பழைய பானையில் காய்ந்த சாணம், வைக்கோல், கிழிந்த சாக்குத் துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் எடுத்துக் கொட்டினால் குஞ்சுகள் ஒன்றையும் விடாது.

கேள்வி: தாயோடு திரியும் குஞ்சுகள் முட்டைக்கோழித் தீவனத்தைத் தின்கின்றன. பரவாயில்லையா?

பதில்: தொடர்ந்து தின்றால் ஆபத்து. அதில் கால்சியம் மூன்றரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். குஞ்சுக்கு 1 சதவீதமே போதும். மிச்சம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பஞ்சாரத்தை (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) ஒரு பக்கம் செங்கல் வைத்துத் தூக்கி, குஞ்சு மட்டும் நுழையும் இடைவெளி விட்டு, குஞ்சுத் தீவனத்தை உள்ளே வையுங்கள். தாய்க்குத் தீவனம் குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அது முடியாவிட்டால் எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீவனமே போட்டு, பெட்டைகளுக்குக் கிளிஞ்சலைத் தனியாக வைத்துவிடலாம்.