முதல் எபிசோடின் இரண்டாவது ஸாக்கு

வணக்கம்.

2025-இல் வந்த ‘கன்டம் ஜீக்வாக்ஸ்’ தொடரில் இரண்டு எபிசோட் பார்த்தேன். இரண்டாவது எபிசோட் திடீரென்று பழைய பாணிப் படத்துக்கும் இசைக்கும் தாவியது, தலைகால் புரியவில்லை. மூலம் 1979-இன் ‘மொபைல் சூட் கன்டம்’ என்றார்கள். அதில் மூன்று எபிசோட் முடித்துவிட்டேன். ரோபோக்கள் ஆடி அசைந்து நகர்கின்றன, நாயகன் தட்டுத்தடுமாறுகிறான். அதைச் சுருக்கி எடுத்த மூன்று திரைப்படங்களைப் பார்த்தாலே போதும் என்கிறார்கள் நண்பர்கள். தொடரலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தொடருங்கள். ஆனால் நான்காவதுக்குப் போகுமுன் முதல் எபிசோடின் கடைசிப் பத்து நிமிடத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். உங்களுக்குக் குறையாகப் பட்ட தடுமாற்றத்தில்தான் இந்தத் தொடரின் உயிர் இருக்கிறது.

சைட் 7 என்ற விண்வெளிக் குடியிருப்புக்குள் எதிரிப் படையின் ரோபோக்களான இரண்டு ஸாக்குகள் நுழைகின்றன. வேவு பார்த்துவிட்டு வருவது மட்டுமே உத்தரவு. ஜீன் என்ற இளம் வீரன் பேர் வாங்கும் ஆசையில் சுட ஆரம்பிக்கிறான். நாயகன் அமுரோவுக்கு வயது 15. கையில் கிடைத்த ராணுவக் கையேட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் கன்டம் என்ற ரோபோவை இயக்குகிறான். தலைத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிறான், குண்டு தீர்ந்துபோகிறது. ஸாக்குவின் தோட்டாக்கள் கன்டத்தின் கவசத்தில் பட்டுத் தெறிக்கின்றன. எழுந்து நின்று, ஜீனின் ஸாக்குவைப் பிடித்து, அதன் முகத்தில் இருக்கும் குழாயைக் கையால் பிய்த்து எடுக்கிறான். தப்பித் தாவும் ஸாக்குவை பீம் சேபர் என்ற ஒளிவாளால் இரண்டாக வெட்டுகிறான். அதற்குள் இருந்த அணு உலை வெடித்து, குடியிருப்பின் சுவரில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டை வழியாக வெளியே இழுத்து வீசப்படுகிறவர்களில் அமுரோவின் அப்பாவும் ஒருவர்.

அடுத்து இரண்டாவது ஸாக்குவை ஓட்டும் டெனிம் ஆத்திரத்தோடு பாய்ந்து வருகிறான். இந்த முறை அமுரோ வெட்டவில்லை. உலையைத் தொட்டால் மறுபடி சுவர் போய்விடும். ஓட்டுநர் அறையை மட்டும் குத்த வேண்டும். குத்துகிறான், ஸாக்கு வெடிக்காமல் அடங்குகிறது. இயந்திரத்தை நிறுத்த வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் மனிதனைக் குறிபார்த்துத்தான் ஆக வேண்டும் என்பது ஒரே சண்டையில் அவனுக்குப் புரிந்துவிடுகிறது. இதை யாரும் வசனமாக விளக்குவதில்லை. பொம்மைக் கம்பெனி ஒன்றின் விளம்பரப் பணத்தில் சிறுவர்களுக்காக ஓடிய தொடர் இது. அதன் முதல் வாரத்திலேயே இயக்குநர் யோஷியுகி டொமினோ இதைக் காட்டிவிட்டார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மலைப்பு அடங்குவதில்லை.

ரோபோ ஆடி அசைவதற்கு வருகிறேன். கன்டத்தின் உயரம் 18 மீட்டர், முழுச் சுமையோடு எடை 60 டன். கதையில் வரும் மினோவ்ஸ்கி துகள்கள் பரவிய இடத்தில் ரேடார் செத்துவிடும், தூரத்திலிருந்து குறி வைக்க முடியாது. கண்ணுக்கு எட்டும் தொலைவில் வந்து மோதுவதற்காகவே இந்த உலகில் மனித உருவ இயந்திரங்கள் பிறந்தன. எடையும் குண்டுக் கணக்கும் எரிபொருளும் இங்கே கதைக்குள்ளேயே வருகின்றன. மூன்றாவது எபிசோடில் எதிரித் தளபதி ஷாரின் கப்பல் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அமுரோவின் அணியினர் தாக்கியதைக் கவனித்திருப்பீர்கள்.

ஐந்தாவதில் இது உச்சத்துக்குப் போகிறது. பூமியின் காற்று மண்டலத்துக்குள் இறங்கும்போதே சண்டை. ஸாக்குவுக்கு அந்த வெப்பத்தைத் தாங்கும் வசதி கிடையாது. ஷாரின் ஆள் ஒருவன் அவன் கண்முன்னால் எரிந்து போகிறான். அமுரோ விழுந்துகொண்டே கையேட்டில் வழி தேடுகிறான். வெப்பம் தாங்கும் மெல்லிய உறை ஒன்று கிடைக்கிறது, அதைப் போர்த்திக்கொண்டு தப்புகிறான். 1981-இல் வந்த முதல் திரைப்படம் இந்த உறையை எடுத்துவிட்டு, காற்றைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் அமைப்பாக மாற்றியது. அறிவியலுக்கு அது பொருத்தமாக இருக்கலாம். எனக்கு அந்த உறைதான் பிடிக்கும்.

படங்களைப் பிறகு பாருங்கள். முதல் படம் ஏறக்குறைய 14 எபிசோடுகளை இரண்டேகால் மணி நேரத்தில் அடைக்கிறது. அமுரோ சோர்ந்து ஒடிவதற்கு அதில் நேரம் போதாது. ஒன்பதாவது எபிசோடில் அவன் கன்டத்தில் ஏற மறுத்து அறை வாங்குகிறான். முன்னே எட்டு வாரம் அவனோடு இருந்தவருக்குத்தான் அந்த அறை வலிக்கும்.

ஓவியம் மங்கல் என்று நினைத்தால் 15-வது உங்களைச் சோதிக்கும். உருவங்கள் கோணல்மாணலாக இருக்கும். ஆங்கிலத்தில் வெளியிட்டபோது டொமினோ கேட்டுக்கொண்டு விட்டுவிட்ட எபிசோட் அது. தாண்டிப் போனாலும் கதை அறுபடாது. 2022-இல் அதே கதையைத் தனித் திரைப்படமாக எடுத்தார்கள்.

மொத்தம் 43 எபிசோட். 52 என்று திட்டமிட்டு, பார்வையாளர் குறைந்ததால் சுருக்கியது. ஜீக்வாக்ஸின் இரண்டாவது எபிசோடை இப்போது திரும்பப் போட்டுப் பாருங்கள். அதே சைட் 7, அதே வேவு. இந்த முறை ஷாரே உள்ளே போய்க் கன்டத்தில் ஏறிவிடுகிறான். அந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைக்கிறது.