சிங்கிளாக வராமலே போன ஒரு நடனப் பாட்டு: மடோனாவின் 'ஃப்யூச்சர் லவ்வர்ஸ்'

கேள்வி: பிரபல பாடகி ஒருவரின் நடன பாப் ஆல்பத்தில், சிங்கிளாக (ஆல்பத்திலிருந்து தனியே எடுத்து) வெளியிடப்படாத பாடல்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ஏன்?

மடோனாவின் 'ஃப்யூச்சர் லவ்வர்ஸ்'. 2005 நவம்பரில் வந்த 'கன்ஃபெஷன்ஸ் ஆன் அ டான்ஸ் ஃப்ளோர்' ஆல்பத்தில் நான்காவது பாட்டு. ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இதற்கென்று எடுத்த வீடியோ கிடையாது, ரேடியோவில் போட்டுத் தேய்த்ததும் கிடையாது. மடோனா என்றதும் பத்துப் பாட்டுச் சொல்பவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கோ அந்த ஆல்பத்தின் நடுத்தூணே இதுதான்.

காரணம் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்கதை. 2003-இல் வந்த 'அமெரிக்கன் லைஃப்' மடோனாவுக்குச் சரியாகப் போகவில்லை. ஈராக் போர் தொடங்கிய நேரம்; தலைப்புப் பாட்டின் வீடியோவை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். புகழ், பணம், அமெரிக்கா என்று கித்தாரும் கையுமாக அவர் கேட்ட கேள்விகளைக் கேட்க அன்று பெரிதாக யாரும் தயாராக இல்லை. அடுத்த ஆல்பத்தில் ஒரே முடிவு: பிரசங்கம் வேண்டாம், ஆடலாம். தன் மேடை நிகழ்ச்சிகளுக்கு இசைப் பொறுப்பாளராக இருந்த ஸ்டுவர்ட் பிரைஸைக் கூட்டாளியாக்கிக்கொண்டார். லண்டன் மைடா வேல் பகுதியில் பிரைஸின் வீட்டிலேயே இருந்த ஸ்டூடியோவில்தான் பெரும்பகுதி வேலையும் நடந்தது. உலகத்தின் மிகப் பெரிய பாப் பாடகி ஒருவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்த ஆல்பம் என்று நினைத்துக்கொண்டு கேட்டால் அதன் நெருக்கம் புரியும்.

ஆல்பத்தின் அமைப்பும் புதிது. பன்னிரண்டு பாட்டும் நடுவில் மௌனமே இல்லாமல், ஒரு டிஜே இரவு முழுக்க ஓட்டுவது மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துவிடும். தொடக்கம் லேசாக, கொண்டாட்டமாக இருக்கும். போகப்போக இருட்டும், சொந்தக் கதையும் சேரும். இதைக் குலைக்காமல் கேட்பது அந்தக் காலத்தில் பெரும்பாடு. என்னிடம் இருந்த மலிவு எம்பி3 பிளேயர் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் ஒரு நொடி மூச்சை நிறுத்திவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்கும். பீட் ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று வெறும் காற்று. சிடி கைக்கு வந்த பிறகுதான், மூன்றாவது பாட்டான 'சாரி' எங்கே முடிகிறது, 'ஃப்யூச்சர் லவ்வர்ஸ்' எங்கே தொடங்குகிறது என்பதையே பிரித்துச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. இந்தப் பாட்டு எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

சிங்கிள் என்பது கல்யாண மாப்பிள்ளை. எல்லார் கண்ணும் அவர் மேல்தான். ஆல்பம் பாட்டு பந்தியைக் கவனிக்கிறவர்; அவரை யாரும் போட்டோ எடுப்பதில்லை, ஆனால் அவர் இல்லையென்றால் பந்தி கலைந்துவிடும். 'ஹங் அப்', 'கெட் டுகெதர்', 'சாரி' என்று ஆல்பத்தின் முதல் மூன்று பாட்டுமே சிங்கிளாக வந்தவை. மூன்றிலும் ஒருமுறை கேட்டால் முணுமுணுக்கத் தோன்றும் கோரஸ் உண்டு. நான்காவதாகவும் அப்படியே ஒன்று வந்திருந்தால் திகட்டியிருக்கும். அந்த இடத்தில் இந்தப் பாட்டு மெலடியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு பேஸை, அதாவது அடியில் ஓடும் கனத்த ஒலியை, மேலே ஏற்றுகிறது. முணுமுணுக்க ஒன்றும் தராது. ஆனால் காலை நிறுத்த விடாது.

தொடக்கத்தைக் கவனியுங்கள். சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் பேஸ் துடிக்கிறது. அதன் மேல் மடோனா பாடவில்லை, பேசுகிறார். காதலைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்கிறார். வாழ்க்கையை மற, பிரச்சினைகளை மற என்று வழக்கமாகத்தான் ஆரம்பிக்கிறார். அடுத்த வரியிலேயே நிர்வாகம், பில், கடன் என்று பட்டியல் போடுகிறார். விண்வெளிக்கு அழைத்துப் போகப்போகும் பாட்டில் கரண்ட் பில் ஞாபகம் வருகிற மாதிரி ஒரு வரி! எனக்கு அது சிரிப்பாகவும் இருக்கும், நியாயமாகவும் இருக்கும். சனிக்கிழமை இரவு ஆடப் போகிறவர் மறக்க நினைப்பது பிரபஞ்ச சோகத்தை அல்ல, மாதக் கடைசியைத்தான். இதையெல்லாம் அவர் சொல்லும் குரலில் உருக்கமே இருக்காது. விமான நிலைய அறிவிப்பு மாதிரி நிதானம். அப்புறம் பாட ஆரம்பித்தாலும் குரல் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. குறுகிய இடைவெளிக்குள்ளேயே சுற்றி வருகிறது. பின்னால் மெல்ல விரியும் சின்த் இழைகள் மட்டும்தான் கொஞ்சம் வானத்தைக் காட்டுகின்றன. பெரிய குரல் இல்லாதவர் என்று மடோனா மேல் எப்போதும் ஒரு புகார் உண்டு. இந்தப் பாட்டுக்குப் பெரிய குரல் வந்தால்தான் கெட்டுப்போகும்.

சுவாரஸ்யம் என்னவென்றால், ஆல்பம் முழுக்க ஸ்டுவர்ட் பிரைஸின் கை தெரிந்தாலும் இந்தப் பாட்டை மடோனாவோடு சேர்ந்து எழுதித் தயாரித்தவர் மிர்வேஸ் அஹ்மத்ஜாய். ஆப்கானிய அப்பா, இத்தாலிய அம்மா, பிறந்தது சுவிட்சர்லாந்தில், வளர்ந்து பேர் வாங்கியது பிரான்சில். ஒரு காலத்தில் டாக்ஸி கேர்ள் என்ற பிரெஞ்சு இசைக்குழுவின் கித்தார் கலைஞர். 2000-இல் வந்த 'மியூசிக்' ஆல்பத்தின் பெரும்பகுதியும், அடிவாங்கிய 'அமெரிக்கன் லைஃப்'பும் அவரோடு செய்தவைதான். போன ஆல்பம் ஓடவில்லை என்றதும் ஆளைக் கைகழுவிவிடுவது பாப் உலகத்தில் சர்வசாதாரணம். இங்கே அவருக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள், அவரும் பழைய வேலையைத் திரும்பச் செய்யவில்லை. முந்தைய ஆல்பத்தில் குரலை வெட்டி ஒட்டி, கித்தாரைத் துண்டு போட்டு விளையாடியவர், இங்கே ஒரே துடிப்பை ஐந்து நிமிடம் ஓடவிட்டு விலகி நிற்கிறார்.

அந்தத் துடிப்பு யாருடையது என்பது கேட்ட உடனே தெரிந்துவிடும். அமெரிக்க டிஸ்கோ பாடகி டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்', 1977. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பாட்டும் பிறக்கும்போது ஓர் ஆல்பம் பாட்டுதான்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஜியார்ஜியோ மோரோடர், பீட் பெலோட்டி என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் டோனா சம்மரோடு 'ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே' என்று ஓர் ஆல்பம் செய்தார்கள். பழைய காலத்து இசைப் பாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, கடைசிப் பாட்டில் எதிர்காலத்தைத் தொட வேண்டும் என்பது திட்டம். எதிர்காலம் என்றால் இயந்திரம்தானே? கச்சேரி வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு, அலமாரி அளவுக்கு இருந்த மூக் மாடுலர் சின்தசைசரை வைத்தே முழுப் பாட்டையும் செய்ய இறங்கினார்கள். அந்த இயந்திரம் லேசுப்பட்டதல்ல. கொஞ்ச நேரம் ஓடியதுமே சுருதி விலகிவிடும். ஆகவே சில நொடிகள் பதிவு, நிறுத்து, சுருதி சேர், மறுபடி பதிவு. இரவல் வாங்கிய அந்த இயந்திரத்தோடு கூடவே வந்த ராபி வெடல் என்ற தொழில்நுட்பக்காரர்தான், டேப்பில் ஒரு துடிப்பைப் பதித்து வைத்து அதற்கு ஏற்ப மற்ற ஒலிகளைத் துல்லியமாகப் பூட்டும் வழியைக் காட்டினார். அந்தச் சின்தசைசரில் கிடைத்த டிரம் அடிக்குக் கனம் போதவில்லை என்று பேஸ் டிரம்மை மட்டும் கீத் ஃபோர்ஸி காலால் மிதித்து வாசித்தார். எதிர்காலத்தின் பாட்டிலும் ஒரு மனிதக் கால் இருக்கிறது.

ஹெட்போன் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். 'ஐ ஃபீல் லவ்' போட்டுவிட்டு வலது காதை மட்டும் கழற்றுங்கள். பேஸ் பாதி வேகத்தில் ஓடுவது போல் தோன்றும். மாட்டினால் பழைய ஓட்டம் திரும்பிவிடும். இடது பக்கம் அசல் அடி, வலது பக்கம் அதன் எதிரொலி ஒரு கணம் தள்ளி. இரண்டும் மாறி மாறி விழுவதால்தான் அந்தக் குதிரைப் பாய்ச்சல்.

இத்தனை பாடுபட்டும், அமெரிக்காவில் அதை முதலில் வெளியிட்டது ஒரு மெதுவான பாட்டின் பி-பக்கமாக, அதாவது ரெக்கார்டின் பின்பக்கத்தில்தான். டிஜேக்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். பிறகுதான் கம்பெனிக்கு விழிப்பு வந்தது. அதே 1977-இல் பிரிட்டனில் முதலிடம். பெர்லினில் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி ஆல்பம் வேலையில் இருந்தபோது, அவரோடு வேலை செய்த இசைக்கலைஞர் பிரையன் ஈனோ இந்த ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, எதிர்கால ஒலியைக் கேட்டுவிட்டேன் என்று சொன்னதாகப் போவியே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

சரி, அப்படியானால் 'ஃப்யூச்சர் லவ்வர்ஸ்' வெறும் காப்பிதானே என்று கேட்கலாம். கேட்டவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அதே ஆல்பத்தில் 'ஹங் அப்' என்ன செய்கிறது? ஸ்வீடனின் ஆபா (ABBA) குழுவின் 'கிம்மி கிம்மி கிம்மி'யிலிருந்து அந்தப் புகழ்பெற்ற சின்த் ராகத்தை அப்படியே வெட்டி வைக்கிறது. அதற்காக அந்தக் குழுவின் பென்னி ஆண்டர்சனுக்கும் பியோர்ன் உல்வேயஸுக்கும் மடோனா கடிதம் எழுதி அனுமதி வாங்கினார். அது ஒரு பாட்டின் முகத்தை எடுத்துக்கொள்வது. கேட்டதும் எல்லோரும் கண்டுபிடிப்பார்கள், கைதட்டுவார்கள். 'ஃப்யூச்சர் லவ்வர்ஸ்' எடுத்துக்கொள்வது எந்திரத்தை மட்டும். டோனா சம்மர் அதில் மிதந்தார்; மேகத்துக்குள் இருந்து பாடுகிற குரல் அவருடையது. மடோனா அதே எந்திரத்தின் மேல் ஏறி நின்று, வருகிறாயா, முயன்று பார்க்கிறாயா என்று கட்டளை போலவே கேட்கிறார். அங்கே மயக்கம், இங்கே அதிகாரம். 1977-இல் எதிர்காலம் என்று செய்ததை, 28 வருடம் கழித்து இன்னும் எதிர்காலம் என்று தலைப்பு வைத்தே பாட முடிகிறது என்பதில் ஒரு குறும்பும் இருக்கிறது.

'ஐ ஃபீல் லவ்'விடம் பட்ட கடனை மறைக்கவும் இல்லை. 2006-இன் கன்ஃபெஷன்ஸ் சுற்றுப்பயணத்தில் ஒவ்வோர் இரவும் தொடக்கப் பாட்டு இதுதான். பல நாடுகளில் முதலிடம் பிடித்த 'ஹங் அப்' கடைசிக்குப் போய்விட்டது. சிங்கிளாகக்கூட வராத பாட்டு முதலில் வந்தது. கூரையிலிருந்து ஸ்வரோவ்ஸ்கி கற்கள் பதித்த ராட்சத டிஸ்கோ உருண்டை ஒன்று இறங்கும். இதழ் இதழாகத் திறக்கும். உள்ளேயிருந்து குதிரைச் சவாரி உடையில், தலையில் தொப்பி, கையில் சவுக்கோடு மடோனா. உடை, பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஜான் பால் கோல்ட்டியே வடிவமைத்தது. ஆட்டக்காரர்கள் சேணம், கடிவாளத்தோடு குதிரைகளாக வருவார்கள். முந்தைய வருடம் தன் 47-ஆவது பிறந்தநாளன்று குதிரையிலிருந்து விழுந்து எலும்புகளை முறித்துக்கொண்டவர் அவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். அப்புறம் பாட்டு நடுவில் எந்த அறிவிப்பும் இல்லாமல் 'ஐ ஃபீல் லவ்' வரிகளுக்குள் நுழைந்துவிடுவார். தாளம் மாறாது, பேஸ் மாறாது. இது எங்கிருந்து வந்தது என்பதை ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பாடியே சொல்லிவிட்டுப் போகிறார்.

குறை இல்லாமல் இல்லை. பேச்சு முடிந்து பாட்டு தொடங்கியதும் வரிகள் வழுக்குகின்றன. வானம், ஒளி, சிலர் இதை மதம் என்பார்கள் என்று பெரிய பெரிய சொற்கள். எதையும் பிடித்து நிற்க முடியாது. பில், கடன் என்று தரையில் காலூன்றித் தொடங்கியவர் கடைசிவரை அங்கேயே நின்றிருக்கலாம். இதே ஆல்பத்தில் பின்னால் வரும் 'ஐசக்'கில் இருக்கிற ஆழம் இதில் கிடையாது. நடனத் தளத்தில் வரிகளை யார் கேட்கிறார்கள் என்பது சரிதான். ஆனால் நான் பெரும்பாலும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டுதான் கேட்கிறேன்!

முதல்முறை கேட்கப் போகிறீர்கள் என்றால் இதை மட்டும் தனியாகத் தேடிப் போடாதீர்கள். தனியாகப் போட்டால் பாதி உயிர் போய்விடும், இரண்டு நிமிடத்தில் அடுத்ததற்குத் தாவிவிடுவீர்கள். 'சாரி'யிலிருந்து ஆரம்பியுங்கள். செயலியில் கேட்பதானால் ஷஃபிளை அணைத்துவிட்டு, பாட்டுக்கு நடுவே இடைவெளி விடாத அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். பிடித்துப்போனால், லண்டன் வெம்ப்ளியில் பதிவு செய்து 2007 தொடக்கத்தில் வந்த கன்ஃபெஷன்ஸ் டூர் வீடியோவில் முதல் பத்து நிமிடத்தைப் பாருங்கள். சிடியில் இதற்கு அடுத்து வருவது 'ஐ லவ் நியூயார்க்'. ஆல்பத்திலேயே எனக்குப் பிடிக்காத ஒரே பாட்டு அதுதான், தாராளமாகத் தாண்டிவிடலாம்.