எர்திக் மாளிகைக்குள் பின்வாசல் வழியாகப் போங்கள்

மான்செஸ்டரில் படிக்கும் மகளைப் பார்க்க அக்டோபரில் கணவருடன் செல்லவிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "வேல்ஸில் பழைய மாளிகை ஒன்றைப் பார்க்க ஆசை. கார் இல்லை. கணவருக்கு முழங்கால் வலி. இரண்டு நாள்தான் இருக்கிறது. எங்கே போகலாம், பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?"

ரெக்சம் நகரை அடுத்த எர்திக் மாளிகைக்குப் போங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் விசாரிப்பது போவிஸ் கோட்டையைத்தான். ராபர்ட் கிளைவ் குடும்பம் சேர்த்த இந்தியப் பொருள்களும் திப்பு சுல்தானின் கூடாரமும் அங்கே இருக்கின்றன. ஆனால் அது தெற்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு நாள் வேண்டும். எர்திக்குக்கு மான்செஸ்டரிலிருந்து ரயிலில் செஸ்டர் வந்து, அங்கே மாறி ரெக்சமில் இறங்கினால் போதும். நிலையத்திலிருந்து மாளிகை சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. முழங்காலை நினைத்து டாக்சி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை உச்சரிக்கத் தயங்க வேண்டாம். வெல்ஷ் மொழியில் இரட்டை 'டி' (dd) எழுதினால் அது நம் 'அது' என்ற சொல்லில் வரும் மெல்லிய தகரம். ஆங்கிலேயரைவிட நமக்கு அது எளிது.

பெரிய மாளிகைகளில் எல்லாம் முன்வாசல் படியேறி நேரே வரவேற்பறைக்குள் நுழைவோம். எர்திக்கில் தச்சுக்கூடம், கொல்லுப்பட்டறை, குதிரைலாயம், சலவையறை, சமையலறை என்று வேலைக்காரர்கள் நடமாடிய வழியாகத்தான் உள்ளே போகிறோம். அவசரப்பட்டு இதைக் கடந்துவிடாதீர்கள்; எர்திக்கின் சிறப்பே இங்கேதான் இருக்கிறது. 1733 முதல் 1973 வரை மாளிகையை ஆண்ட யார்க் குடும்பத்தினர் தங்கள் வேலைக்காரர்களை ஓவியமாக வரையச் செய்தார்கள். பிற்காலத்தில் புகைப்படமும் எடுத்தார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் செய்யுள் வேறு எழுதி வைத்தார்கள். 1793இல் வரையப்பட்ட ஜேன் எப்ரல் என்ற பணிப்பெண்ணின் படத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள். அப்போது அவருக்கு வயது 87. ஒட்டடை அடிப்பவர் என்றே அவரைக் குறித்திருக்கிறார்கள். எசமானர்களின் உருவப்படங்கள் எந்த மாளிகையிலும் கிடைக்கும். ஒட்டடை அடித்த கிழவிக்கு எண்ணெய் வண்ண ஓவியம் வேறெங்கே இருக்கிறது? செய்யுள்கள் சுமார் ரகம்தான், அது வேறு விஷயம்.

வானம் வெளுத்திருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். பெரும்பாலான அறைகளில் மின்விளக்கு கிடையாது, சன்னல் வெளிச்சம்தான். மூடாக்கு நாளில் படங்கள் சரியாகத் தெரியாது. மாளிகையின் அடியில் நிலக்கரி வெட்டியதால் கட்டடம் ஐந்து அடி கீழே இறங்கியது, கூரை ஒழுகியது. அந்த நிலையில்தான் கடைசி உரிமையாளர் மூன்றாம் பிலிப் யார்க் 1973இல் மாளிகையை, பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். தோட்டம் காலையிலேயே திறந்துவிடும், மாளிகைக்குள் விடுவதற்குச் சற்று நேரமாகும். கிளம்புமுன் அன்றைய நேரத்தை டிரஸ்டின் தளத்தில் பார்த்துவிடுங்கள். முதலில் தோட்டத்தைச் சுற்றுங்கள், தரை சமதளம். அக்டோபர் ஆப்பிள் காலம், சுவரோரம் கிளைகளை விரித்துக் கட்டிய மரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. மாளிகையின் மாடிக்குப் படி ஏற வேண்டும். கணவருக்கு முடியாவிட்டால் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வேலைக்காரர் பகுதி அங்கேதான் இருக்கிறது.

மாடி ஏறுபவர்கள் படுக்கையறையில் இருக்கும் சீன அரக்குத் திரையைத் தேடுங்கள். 1680களில் இந்த மாளிகையைக் கட்டிய எடிஸ்பரிக்கு அதை அனுப்பியவர் பக்கத்துப் பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த எலிஹு யேல். அனுப்பிய இடம் சென்னை, புனித ஜார்ஜ் கோட்டை! அவர் 1687 முதல் 1692 வரை அங்கே கவர்னராக இருந்து, சொந்த வியாபாரத்தில் கொழுத்தார் என்ற குற்றச்சாட்டில் பதவி இழந்தவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான் இருக்கிறது. எடிஸ்பரியோ பின்னர் கடனில் மூழ்கி மாளிகையையே இழந்தார்.

அன்று மாலை ரெக்சம் திரும்பியதும் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்துக்குப் போங்கள். கோபுரத்தின் மேற்குப் பக்கம் வெளியிலேயே யேலின் கல்லறை இருப்பதால் டிக்கெட் எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பாவில் வளர்ந்து, ஆப்பிரிக்காவில் பயணித்து, ஆசியாவில் மணம் முடித்து, லண்டனில் இறந்தவர் என்று கல்லில் செய்யுள் இருக்கிறது. அந்த 'ஆசிய' மணம் 1680இல் நடந்தது. இடம், சென்னைக் கோட்டைக்குள் இன்றும் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம்; அங்கே நடந்த முதல் திருமணமும் அதுவே. ஊர் திரும்பியதும் அங்கேயும் ஒரு நடை போய்வாருங்கள்.

இரண்டாம் நாளுக்குப் பான்ட்கசுஹ்தே நீர்ப்பாலம். ரெக்சமிலிருந்து லாங்கோலன் போகும் பஸ்ஸில் ஏறி ட்ரெவரில் இறங்குங்கள். 1805இல் தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் முடித்த கால்வாய்ப் பாலம் இது. 307 மீட்டர் நீளத்துக்கு வார்ப்பிரும்புத் தொட்டியில் தண்ணீர் ஓட, அதன்மேல் படகு போகிறது. ஆறு 38 மீட்டர் கீழே. நடைபாதைப் பக்கம் கைப்பிடிக் கம்பி உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும்தான். உயரம் என்றால் பயமா? படகில் நடைபாதைப் பக்கமாக உட்காருங்கள். முழங்கால் வலிக்காரருக்கு நடப்பதைவிடப் படகுச் சவாரியே மேல். மிச்ச நேரத்துக்கு அதே பஸ் தடத்தில் லாங்கோலன் ஊர் இருக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். சர்க் கோட்டையையும் அதே நாளில் திணிக்காதீர்கள். அங்கே ஏற்றம் அதிகம், கணவர் உங்களை மன்னிக்க மாட்டார்.