தன்னை மன்னிப்பது தப்பித்துக்கொள்வதா?

கேள்வி: திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. உடன் வேலை பார்ப்பவரோடு எட்டு மாதம் உறவில் இருந்தேன். நானே அதை முடித்துக்கொண்டு, கணவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் என்னோடு சேர்ந்து வாழவே முயல்கிறார். அவர் அன்பாக ஒரு வார்த்தை பேசினாலும், “இதற்கு எனக்குத் தகுதியில்லை” என்று அழுதுவிடுகிறேன். “உங்களை மன்னித்துக்கொள்ளுங்கள்” என்கிறார் ஆலோசகர். தவறு செய்த நானே எனக்கு மன்னிப்புக் கொடுத்துக்கொள்வது அநியாயமில்லையா?

பதில்: எடுத்த எடுப்பில் கொடுத்துக்கொண்டால் அநியாயம்தான். இதற்கான தெரபி மன்னிப்பில் தொடங்குவதில்லை. மேரிலின் கார்னிஷ், நதானியேல் வேட் ஆகிய உளவியலாளர்கள் 2015இல் வகுத்த முறையில் நான்கு கட்டங்கள் உண்டு: பொறுப்பேற்பது, வருந்துவது, ஈடுசெய்வது, புதிதாகத் தொடங்குவது. முதல் மூன்றில் உழைத்தவருக்கே நான்காவது கைகூடும்.

பொறுப்பேற்பதை எழுத்தில் செய்யுங்கள். நடந்ததை வரிசையாக எழுதி, ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘நான்’ என்று தொடங்குங்கள். “நெருக்கமாகிவிட்டது” என்று எழுதாதீர்கள். “நான் இரவில் பதில் அனுப்பினேன்”, “நான் மீட்டிங் என்று பொய் சொன்னேன்” என்று எழுதுங்கள். ‘ஆனால்’ வரும் வரியை அடித்துவிடுங்கள். எங்கெங்கே நிறுத்தியிருக்கலாம் என்பது அப்போது தெரியவரும். தனிமை, வீட்டுச் சண்டை, பாராட்டுக்கான ஏக்கம் போன்ற சூழலை வேறொரு தாளில் எழுதுங்கள். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் சூழலே சாக்காகிவிடும். இரண்டாவது தாளை எழுதாமலே விட்டால், அதே சூழல் மறுபடி வரும்போது அடையாளம் தெரியாது.

உங்கள் கடிதத்தில் எங்களுக்குக் கவலை தருவது அந்த அழுகைதான். “நான் செய்தது தவறு” என்பது குற்ற உணர்வு. “நானே கேடுகெட்டவள்” என்பது அவமான உணர்வு. இவ்விரண்டையும் நெடுங்காலம் ஆராய்ந்த உளவியலாளர் ஜூன் டாங்னி, முதலாவது தவறைச் சரிசெய்ய மனிதரைத் தூண்டுகிறது என்றும், இரண்டாவது ஒளிந்துகொள்ளவோ எரிந்துவிழவோ வைக்கிறது என்றும் காட்டினார். நீங்கள் உடைந்து அழும்போது, காயப்பட்டவரே உங்களைத் தேற்ற வேண்டியதாகிறது. தன் வலியைச் சொல்ல அவருக்கு இடமே இல்லாமல் போகிறது. அந்த நேரத்தில் “நீங்கள் இப்படிப் பேசியது எனக்குப் பெரிது” என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதி அழுகையை ஆலோசகரிடம் கொண்டுபோங்கள்.

அங்கே இரண்டு நாற்காலிப் பயிற்சி உதவும். ஒன்றில் அமர்ந்து உங்களைக் குற்றம்சாட்டுங்கள். மற்றதற்கு மாறி உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். குற்றம்சாட்டும் குரல் வெறும் வசையாக மாறினால், “எந்தச் செயலைச் சொல்கிறீர்கள்?” என்று ஆலோசகர் இடைமறிக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பயிற்சியே இன்னொரு தண்டனையாகிவிடும்.

ஈடுசெய்வது கணவருக்குப் பயன்பட வேண்டும். பட்டினி கிடப்பதும் நல்ல வாய்ப்புகளை மறுப்பதும் அவருக்கு எதையும் திருப்பித் தருவதில்லை. வாரம் இருமுறை அரை மணி நேரம் ஒதுக்கி, அவர் கேட்பதற்கு முழு உண்மையைச் சொல்லுங்கள். தவணை முறையில் வெளிவரும் உண்மை ஒவ்வொரு முறையும் புதிய துரோகமாகவே படும். அந்த நபர் இன்னும் அதே அலுவலகத்தில் இருந்தால் வேலைப் பேச்சு மட்டும் வைத்துக்கொண்டு, பேசியதை அன்றே வீட்டில் சொல்லுங்கள். “மன்னித்துவிட்டீர்களா?” என்று கேட்கவே கேட்காதீர்கள்.

இதற்கெல்லாம் மாதக்கணக்காகும். நினைவு அழியாது. சாக்கும் சொல்லாமல், இடிந்தும் போகாமல் அதை நினைத்துப் பார்க்க முடிந்தால் நான்காம் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரபியில் இதைக் கடந்துவிட முடியுமா?

பதில்: சொல்வதா, எப்படிச் சொல்வது என்பதைத் தனி ஆலோசனையில் முடிவு செய்யலாம். ஆனால் ரகசியத்தை வைத்துக்கொண்டு தம்பதியர் ஆலோசனைக்குப் போகாதீர்கள். ஒருவர் தனியாகச் சொன்னதை மற்றவரிடம் மறைக்க மாட்டோம் என்பது பல ஆலோசகர்களின் விதி. அதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் இந்த முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்த உறவில் ஆணுறை இல்லாமல் இருந்திருந்தால் பால்வினை நோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி.க்கு, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் ஆன்டிஜென்-ஆன்டிபாடி பரிசோதனையே கடைசித் தொடர்புக்கு 45 நாட்களுக்குப் பிறகுதான் உறுதியான முடிவு தரும். அதுவரை மனைவியோடு பாதுகாப்பில்லாத உறவு வேண்டாம். அவருடைய உடல்நலத்தைப் பணயம் வைத்துக்கொண்டு எந்த ஆலோசகராலும் உங்களை மன்னிப்பை நோக்கி அழைத்துப்போக முடியாது.

கேள்வி: எனக்குத் துரோகம் செய்த கணவர், தெரபியில் தன்னை மன்னித்துக்கொண்டாராம். நானும் மன்னித்தாக வேண்டுமா?

பதில்: இல்லை. அவருடையது வேறு, உங்களுடையது வேறு. மன்னிப்பதா, எப்போது, சேர்ந்து வாழ்வதா என்பதெல்லாம் உங்கள் முடிவு. “நான் கடந்து வந்துவிட்டேன், நீ ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாய்?” என்று அவர் கேட்டால், பொறுப்பேற்கும் கட்டத்தையே அவர் இன்னும் முடிக்கவில்லை. அதை அவருடைய ஆலோசகரிடம் எடுத்துப்போகச் சொல்லுங்கள்.