வலி இல்லாம கழுத்துவலி க்ளைம் போடலாமான்னு கேட்ட மன்னார்குடி தம்பிக்கு

மன்னார்குடிலேர்ந்து இங்கிலாந்துல லெஸ்டருக்கு வந்து நாலு மாசம் ஆகுது, ரவுண்டபவுட்ல நின்னப்ப பின்னாடி வந்த கார் லேசா முட்டிடுச்சு, ரெண்டு நாள் கழிச்சு எவனோ போன் பண்ணி "கழுத்துவலின்னு சொல்லுங்க, காசு வாங்கித் தரோம், உங்க வீட்டம்மாவும் கார்ல இருந்ததா போட்டுடலாம்"னு சொல்றான், போடலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம் தம்பி, போடாதீங்க. நான் பாபநாசத்துக்காரன், இங்க வந்து 17 வருஷம் ஆச்சு, பார்த்ததை வச்சுதான் சொல்றேன்.

மொதல்ல அந்த போனே தப்பு. நீங்க சம்மதம் கொடுக்காம க்ளைம் கம்பெனிக்காரன் இதுக்காக கூப்பிடவே கூடாதுன்னு 2018 செப்டம்பர்லேர்ந்து சட்டமே இருக்கு, பேசாம நம்பரை ப்ளாக் பண்ணிடுங்க.

நீங்க நிஜமா காயம்பட்டு க்ளைம் போட்டு, அதுல வீட்டுல இருந்தவங்களையும் சேர்த்து பொய் சொன்னா, 2015 சட்டப்படி கோர்ட்டு உங்க மொத்த க்ளைமையும் தள்ளிடலாம், உண்மையான பகுதியும் சேர்ந்து போயிடும். இன்சூரன்ஸ் மோசடியை மட்டுமே பாக்குறதுக்கு லண்டன் சிட்டி போலீஸ்ல தனி யூனிட் வச்சிருக்காங்க. கேஸாகி கிரிமினல் ரெக்கார்ட் வந்தா விசா, ஐஎல்ஆர்னு சொல்ற நிரந்தரமா தங்குற அனுமதி எல்லாத்துலயும் கை வைக்கும், அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல.

ஆனா எனக்கு வயித்தெரிச்சல் அதுல இல்ல. இந்த மாதிரி பொய் க்ளைம் பெருகிப்போச்சு, ப்ரீமியம் ஏறுதுன்னு காரணம் சொல்லித்தான் 2018ல சட்டம் கொண்டுவந்து, 2021 மே 31லேர்ந்து இங்கிலாந்து, வேல்ஸ்ல கார்ல போறவங்க கழுத்து, முதுகு வலிக்கு எத்தனை மாசம் வலிச்சதுன்னு பாத்து இவ்வளவுதான்னு ரேட் போட்டுட்டாங்க. 2022ல என் வீட்டுக்காரிக்கு சிக்னல்ல பின்னாடி இடிச்சு நாலு மாசம் கழுத்தைத் திருப்ப முடியல, ராத்திரி தவாவுல கல் உப்பை வறுத்து துணில முடிஞ்சு ஒத்தடம் கொடுப்பேன், தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட கை தூக்க மாட்டா. கடைசில வந்தது 495 பவுண்டு. அவ பட்டதுக்கு அது ஒரு காசா, சொல்லுங்க.

ஊர்லயும் இதேதான். எங்க பெரியப்பா கும்பகோணம் ரோட்ல சைக்கிள்ல போறப்ப லாரி அடிச்சு இடுப்பெலும்பு போச்சு, அதே சமயம் எங்க தெருவுல ஒருத்தர் வரப்புல வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டு வண்டி மோதுச்சுன்னு கேஸ் போட்டு மாட்டிக்கிட்டாரு, அதுலேர்ந்து இன்சூரன்ஸ் வக்கீல் பெரியப்பாவையும் திருடனைப் பாக்குற மாதிரியே கேள்வி கேட்டு வருஷக்கணக்கா இழுத்தாரு. கோர்ட்டு வாசல்ல மஞ்சப்பைல எக்ஸ்ரேவை வச்சுக்கிட்டு அவர் உக்காந்திருந்தது இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

சரி, நிஜமாவே வலி இருந்தா? தாராளமா போடுங்க, அது உங்க உரிமை. அஃபிஷியல் இஞ்சுரி க்ளைம்னு போர்ட்டல் இருக்கு, ஃப்ரீ, வக்கீல் இல்லாமலே நீங்களே போடலாம், காயத்துக்கு 5000 பவுண்டுக்குள்ள, மொத்தம் 10000க்குள்ள வர்ற க்ளைம் அங்கதான் போகும். எதிர்பார்ட்டி இன்சூரன்ஸ் 30 வேலை நாள்ல தப்பு யாருதுன்னு பதில் சொல்லணும், ஒத்துக்கிட்டா மெடிக்கல் ரிப்போர்ட் செலவு அவங்களோடது. ரிப்போர்ட் இல்லாம கழுத்துவலிக்கு செட்டில் பண்ணவே கூடாது, யாராவது சீக்கிரம் முடிச்சுக்கலாம்னு தொகை சொன்னா சிக்கிடாதீங்க. 2025 மே 31லேர்ந்து நடந்த ஆக்சிடெண்ட்னா மூணு மாசம் வரைக்குமான வலிக்கு 275 பவுண்டு. முழங்கால், மணிக்கட்டுன்னு வேற எங்கயாவது அடி பட்டிருந்தா அதையும் சொல்லுங்க, அதுக்குத் தனியா கணக்குப் போடுவாங்க.

க்ளைம் போடுறீங்களோ இல்லையோ உங்க இன்சூரன்ஸ்ல மட்டும் நடந்ததை சொல்லி வச்சிடுங்க. வலி இருந்தா ஜிபிகிட்ட, அதான் உங்க ஏரியா டாக்டர்கிட்ட, போய் பதிவு பண்ணுங்க, எந்த நாள்ல என்ன வலி, எந்த வேலைக்கு லீவு போட்டீங்கன்னு ஒரு நோட்ல எழுதுங்க. 3 வருஷம் டைம் இருக்கு, அவசரமே இல்ல. கார்லயே இல்லாம வீட்டுல இருந்த உங்க வீட்டம்மா பேரை மட்டும் எந்த ஃபார்ம்லயும் எழுதிடாதீங்க தம்பி.