பிசினஸ் ஈவென்ட்ல யாரையும் தெரியாதப்ப எப்படி நெட்வொர்க்கிங் பண்றது?

கோயம்புத்தூர் கொடிசியா கண்காட்சி வளாகத்துல நடக்குற இன்டெக் மாதிரி மெஷின் கண்காட்சிய வெச்சே சொல்றேங்க. போறதுக்கு முன்னாடியே யார் யார் ஸ்டால் போடுறாங்கன்னு லிஸ்ட் பாத்து, நமக்கு நெஜமாவே வேலை இருக்குற நாலஞ்சு பேர குறிச்சு வெச்சுக்கங்க, காலைல திறந்த உடனே போயிடுங்க, ஏன்னா மத்தியானத்துக்கு மேல கூட்டமும் ஏறிடும் ஸ்டால்ல இருக்குறவங்களும் பேசிப் பேசி ஓஞ்சு போயிருப்பாங்க. எடுத்த உடனே நம்ம கம்பெனி புராணம் வேணாம். "இந்த மெஷின்ல காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) ஓட்டுனா வெட்டுற டூல் எவ்ளோ நேரம் தாங்குதுங்க?"ன்னு கேளுங்க, அவரே பேச ஆரம்பிச்சிடுவார்.

கார்டு வாங்குனா என்ன பேசுனோம்னு அதோட பின்பக்கத்துல உடனே எழுதிருங்க, அன்னிக்கு ராத்திரியே அத ஞாபகப்படுத்தி ஒரு வாட்ஸ்அப் போடுங்க. இதுதான் ரொம்ப முக்கியம், நெறைய பேர் செய்யறதே இல்ல.

அப்புறம் தெரிஞ்சவங்க கூடவே சுத்தாதீங்க. மார்க் கிரானோவெட்டர்ங்கிற அமெரிக்க சமூகவியலாளர் 1973லயே காட்டுனாரு, பழக்கம் மூலமா வேலை கிடைச்சவங்கள்ல பாதிக்கு மேல எப்பவாவது பாக்குற ஆள் வழியாதான் வாங்கியிருந்தாங்க. நெருங்குன கூட்டாளிக்கு தெரிஞ்சது நமக்கும் தெரிஞ்சுதான இருக்கும்! அதனால டீ கவுன்ட்டர்ல தனியா நிக்கிறவர்கிட்ட நீங்களே போய் பேசுங்க.