அம்மாவுக்கு வீட்டுக்கு வாற பயிற்சியாளர்: மூன்று மாதக் காசு முன்னுக்குக் கட்டலாமா?

கட்டாதீங்கோ. முதலில் ஒரு வகுப்புக்கு மட்டும் குடுங்கோ, சரிவந்தால் கிழமைக்குக் கிழமை. இரண்டாம் மாதம் ஆட்கள் நிப்பாட்டிவிடுவினம் எண்ட பயத்தில சில பயிற்சியாளர்கள் முழுதாகக் கேட்கிறவை.

அம்மாவுக்கு 58 வயசு, சீனி வருத்தம், முழங்கால் நோ எண்டு எழுதியிருக்கிறீங்கள். அப்ப முதல் நாளே பயிற்சியாளர் மருந்து விவரம் கேட்கவேணும். கைப்பிடியில்லாத கதிரையைச் சுவரோட வைத்து, அம்மா கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு 30 செக்கனில் எத்தனை தரம் எழும்பித் திரும்ப இருக்கிறா எண்டு எண்ணிக் குறிக்கவேணும். இதெல்லாம் இல்லாமல் நேரே ஸ்குவாட் (குந்தி எழும்புற பயிற்சி) தொடங்கினால் வேற ஆளைப் பாருங்கோ.

திருகோணமலை உவர்மலை வெக்கைக்கு வகுப்பைக் காலை வெள்ளனவே வைக்கிறது நல்லது.

இன்சுலின் போடுறா எண்டால் வகுப்பு தொடங்க முதல் இரத்தத்தில சீனி பாருங்கோ. 90 mg/dLக்குக் கீழே எண்டால் ஏதாவது சாப்பிட்ட பிறகுதான். நடக்கேக்க நெஞ்சு இறுக்கம் வருமெண்டால் வகுப்பே வேண்டாம், முதலில் டாக்குத்தரிட்ட காட்டுங்கோ.